ஊவாவின் எஞ்சின்காரர்கள்

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய கார்களின் விலை மலையேறியதையும், உதிரிப்பாகத்துக்காக மக்கள் ஊர் ஊராக அலைந்ததையும் செய்தியாளர்கள் பலர் இதற்கு முன் கண்டிராத அதிசயம் போல எழுதினார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பெரும்பாலானோர் 1977க்குப் பின் பிறந்தவர்கள். ஆனால் என் வயதை ஒத்தவர்களுக்கு இது இரண்டாம் முறை அரங்கேறிய நாடகம். முதல் முறை அது அரங்கேறியபோது பதுளையிலும் சுற்றியுள்ள ஊவாத் தோட்டங்களிலும் நடந்தவற்றை எவரும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை. அதனால் இந்தப் பதிவு.

1960களின் தொடக்கத்திலேயே அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதிக்குக் கடிவாளம் விழுந்துவிட்டது. 1968 மே மாதத்தில் அந்நியச் செலாவணி உரித்துச் சான்றிதழ் முறை வந்தது. அத்தியாவசியம் அல்லாத இறக்குமதிக்கு டொலரின் உத்தியோகபூர்வ விலைக்கு மேல் முதலில் 44 வீதமும், போகப்போக 65 வீதம் வரையும் கூடுதலாகக் கட்டவேண்டியிருந்தது. 1970 மே மாதம் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஐக்கிய முன்னணி அரசாங்கம் பதவிக்கு வந்ததும், நிதியமைச்சர் கலாநிதி என்.எம். பெரேராவின் காலத்தில் கதவு ஏறத்தாழ முழுவதுமாகச் சாத்தப்பட்டது. உபாலி விஜேவர்தன உள்நாட்டிலேயே பொருத்தி விற்ற மாஸ்டாவும் ஃபியட்டும் கொழும்பு வசதிக்காரர்களைத்தான் எட்டின. மலைநாட்டில் ஓடியவை வெள்ளைக்காரத் துரைமார் விட்டுச்சென்றவையும், அவற்றைக் கைமாறி வாங்கியவர்கள் காத்துவைத்தவையும்தான். ஒஸ்டின் ஏ ஃபோர்ட்டி, ஹில்மன், பீஜோ, எல்லாவற்றுக்கும் மேலாக மொறிஸ் மைனர்.

மொறிஸ் மைனரைப் பற்றிச் சிறிது சொல்லியாகவேண்டும். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து, 1948 அக்டோபரில் லண்டன் கண்காட்சியில் அறிமுகமான கார் அது. 1971 வரை பதினாறு இலட்சத்துக்கும் அதிகமானவை செய்யப்பட்டன. பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை எட்டிய முதலாவது பிரித்தானியக் காரும் அதுவே. எங்கள் வீட்டில் இருந்தது 1954ஆம் ஆண்டுக் கார். இலக்கத்தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து ஏறுவதற்கு முந்திய பதிவு, ஆகவே ஆங்கில எழுத்துகளே இருந்தன. அந்தச் சிறு விடயத்துக்காகவே என் தந்தை அதை விற்க மறுத்தார் என்று அம்மா சொல்வார். 803 கனசென்டிமீற்றர் எஞ்சின், முப்பது குதிரைவலு. ஒக்ஸ்ஃபோர்டின் சமதரை வீதிகளுக்கு அது போதுமானதாக இருந்திருக்கலாம்.

ஊவாவுக்கு அது போதாது. பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றரில் இருக்கிறது. ஹாலிஎலயைத் தாண்டிப் பண்டாரவளை போய்ச்சேரும்போது 1,200 மீற்றரைக் கடந்துவிடுவோம், அப்புத்தளையில் 1,400க்கும் மேல். தெமோதரையில் ரயில் பாதையே ஒரு சுற்றுச் சுற்றி, தன் நிலையத்துக்கு அடியிலேயே நுழைந்துதான் உயரத்தைச் சமாளிக்கிறது. ரயிலுக்குச் சுற்றுப்பாதை போட்டுக்கொடுத்தவர்கள் காருக்குப் போட்டுக்கொடுக்கவில்லை. பசறைக்கும் லுணுகலைக்கும் போகும் வழியிலும், நமுனுகுல மலையடிவாரத் தோட்டங்களுக்கு ஏறும் வழியிலும் சில கொண்டை ஊசி வளைவுகளை ஒரே வெட்டில் எடுக்க முடியாது. பாதி திருப்பி, பின்னுக்கு எடுத்து, மறுபடி முதல் கியரில் ஏறவேண்டும். அந்தக் காரின் முதல் கியருக்கு இசைவளையம் கிடையாது. கார் அசைவற்று நிற்கும்போதுதான் கியர் சத்தமின்றி விழும், அல்லது 'டபுள் கிளச்' போடத் தெரிந்திருக்கவேண்டும். ஆக ஒவ்வொரு வளைவிலும் கிளச் தேய்ந்தது. சமவெளியில் பல ஆண்டுகள் உழைக்கும் தட்டு எங்கள் பக்கத்தில் அதில் பாதிக் காலம்கூடத் தாங்காது.

தேய்ந்த தட்டுக்கு மாற்றுத் தட்டு இல்லை. கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளுக்கு ரயிலேறிப் போய்வர இரண்டு நாள். பதுளை நகரத்தில் கராஜ்கள் இல்லாமலில்லை. ஆனால் அங்கே அரச வாகனங்களும் தோட்ட லொறிகளும் வரிசை கட்டி நிற்கும். ஒரு கிளாக்கரின் மொறிஸ் மைனர் அங்கே வாரக்கணக்கில் மழையில் நனையும். எனவே எஞ்சின் வீட்டு முற்றத்தில்தான் இறங்கியது. அதை இறக்கியவர்கள் யார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விடயம்.

அவர்கள் தேயிலைத் தொழிற்சாலை எஞ்சின்காரர்கள். தோட்டத்து வழக்கில் தொழிற்சாலைக்குப் பெயர் 'ஸ்டோர்'. அதன் ஒரு மூலையில், அல்லது சற்றுத் தள்ளிக் கட்டப்பட்ட தனிக் கொட்டகையில், எஞ்சின் அறை இருக்கும். அங்கே நிற்பவர் கொழுந்து பறிப்பவருமல்லர், கவ்வாத்து வெட்டுபவருமல்லர். உடம்பெல்லாம் ஒயில் மணக்கும் அந்த மனிதருக்குத் தோட்டத்தின் படிநிலையில் தெளிவான இடம் ஒன்று இருந்ததில்லை. கங்காணிக்குக் கீழும் இல்லை, மேலும் இல்லை. இலங்கைப் பெருந்தோட்ட வரலாறு என்று நான் பல்கலைக்கழகத்தில் படித்த நூல்களில் ஏக்கர் கணக்கு உண்டு, தலைக்கணக்கு உண்டு, கங்காணி முறையைப் பற்றி அத்தியாயம் அத்தியாயமாக உண்டு. எஞ்சின்காரரைப் பற்றி ஒரு பந்திகூட நான் கண்டதில்லை. எல்லோரும் 'தொழிலாளர்' என்ற ஒரே மூட்டைக்குள் கட்டப்பட்டுவிட்டார்கள்.

இயந்திரம் இந்த மலைகளுக்கு வந்தது தேயிலையுடன் அல்ல, கோப்பியுடன். ஜோன் வோக்கர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1854இல் கண்டியில் தொடங்கிய பட்டறை, கோப்பிப் பழத்தின் தோலுரிக்கும் இயந்திரங்களைச் செய்துதான் பெயரெடுத்தது. பிறகு 1869இல் கோப்பியை அழித்த இலைத்துரு நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டது எங்கள் மாவட்டத்தின் மடுல்சீமையில்தான். ஊவாவுக்கு அப்படியும் ஒரு பெருமை உண்டு! கோப்பி போய்த் தேயிலை வந்தபோது கூடவே வந்தவை ஜாக்சனின் உருட்டும் இயந்திரங்கள், பெல்ஃபாஸ்டில் டேவிட்சன் செய்த 'சிரோக்கோ' உலர்த்திகள். கொழுந்தை வாட்ட விசிறி, உருட்ட ரோலர், உலர்த்த வெப்பக்காற்று, சலிக்கச் சல்லடை. இத்தனைக்கும் சக்தி வேண்டும். லக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல். அதன் கம்பி தூரத்துத் தோட்டங்களுக்கு வந்துசேர மேலும் காலமெடுத்தது. அதுவரை ஒவ்வொரு ஸ்டோரும் தன் சக்தியைத் தானே உண்டாக்கியது. ஓடை இருந்த இடத்தில் நீர்ச்சக்கரமோ டர்பைனோ, இல்லாத இடத்தில் நீராவி, பின்னர் ஆளுயரச் சக்கரத்துடன் கூடிய ஒயில் எஞ்சின்கள்.

அந்த எஞ்சின் ஒன்று நின்றால் அன்றைய கொழுந்து முழுவதும் குப்பை. வாடிய இலை மெக்கானிக்குக்காகக் காத்திருக்காது. வோக்கர் கம்பனியின் ஆள் வந்துசேர இரண்டு நாளாகலாம், அல்லது மண்சரிவில் பாதை மூடி அவர் வராமலே போகலாம். ஆகவே எஞ்சின்காரர் தானே பார்க்கவேண்டும், தானே கழற்றவேண்டும், உடைந்ததற்குப் பதில் தானே ஒன்றைச் செய்யவேண்டும். மூன்று தலைமுறையாக இப்படிப் பழகிய கைகள் அவை. பள்ளிக்கூடப் படிப்பு மூன்றாம் வகுப்பைத் தாண்டாதிருக்கலாம். எஞ்சின் கொட்டகையே அவர்களுக்குத் தொழில்நுட்பக் கல்லூரி.

இங்கே வாசகர் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. பழைய ஸ்டோர்களில் கூரைக்குக் கீழே நீண்ட இரும்புத் தண்டு ஒன்று சுழன்றுகொண்டே இருக்கும். அதிலிருந்து தோல் வார் வழியாக ஒவ்வொரு ரோலருக்கும் சக்தி இறங்கும். ஒரு ரோலரை மட்டும் நிறுத்தவேண்டுமானால் எஞ்சினை நிறுத்துவதில்லை. ரோலரின் தண்டில் இரண்டு கப்பிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று தண்டோடு இறுக்கப்பட்டது, மற்றது தண்டின்மேல் சும்மா சுழல்வது. ஒரு தடியினால் வாரை மெல்லத் தள்ளிச் சும்மா சுழலும் கப்பிக்கு மாற்றினால் ரோலர் நிற்கும். மறுபடி இறுகிய கப்பிக்குக் கொண்டுவந்தால் ஓடும். மெல்லத் தள்ளவேண்டும் என்பதுதான் நுட்பம். திடீரென்று தள்ளினால் வார் அறுந்துவிடும், அல்லது வழுக்கிக் கருகும்.

மோட்டார் காரின் கிளச் செய்வதும் இதையேதான். கொழும்பிலிருந்து வந்த பயிற்சிபெற்ற மெக்கானிக்குகளுக்கு இதை விளக்கப் படம் வேண்டியிருந்தது. எங்கள் தோட்டத்து எஞ்சின்காரர் முதன்முறையாக ஒரு கிளச்சைப் பிரித்துப் பார்த்துவிட்டு என் தந்தையிடம் சொன்னாராம்: "ஸ்டோர்ல வாரை தள்ளி விடுறோம்ல கிளாக்கரையா, அதேதாங்க இது. அதை வட்டமா செஞ்சு பொட்டிக்குள்ள வச்சிருக்கான்."

என் தந்தை ஒரு தோட்டத்தின் பெரிய கிளாக்கர். ஏனைய உத்தியோகத்தர்கள் எஞ்சின்காரரைப் பெயர் சொல்லி ஒருமையில் அழைக்க, அவர் மட்டும் 'பாஸ்' என்பார். சிங்களத்திலும் மலையகத் தமிழிலும் கைவினைஞருக்கு வழங்கும் மரியாதைச் சொல் அது, ஒல்லாந்தரிடமிருந்து வந்தது. எங்களுக்கு அவர் 'பாஸ் மாமா'. 1975ஆம் ஆண்டின் ஒரு பள்ளி விடுமுறையில் எங்கள் குவாட்டர்ஸ் முற்றத்துப் பலாமரத்தின் கீழ் அவர் எஞ்சினை இறக்கியதை முழுவதுமாக இருந்து பார்த்தேன். எனக்கு அப்போது எட்டு வயது.

நோய் என்ன என்பதை முதலில் உறுதிசெய்தார். எல்ல ஏற்றத்தில் எஞ்சின் உறுமியது, கார் நகரவில்லை. கிளச் வழுக்குகிறது என்பதற்கு அதுவே அடையாளம். உடனே எஞ்சினில் கைவைக்கவில்லை. மிதியின் வெறும் ஓட்டத்தைக் கையால் அழுத்திப் பார்த்தார். மிதி சிறிது தூரம் சும்மா போய்ப் பிறகுதான் பாரம் தட்டவேண்டும். அந்தச் சும்மா ஓட்டம் இல்லையென்றால் கிளச் எப்போதும் அரைகுறையாக மிதிபட்டே இருக்கிறது என்று பொருள். கம்பியைத் திருகிச் சரிசெய்தாலே போதும். பல கார்களுக்கு வைத்தியம் இத்தோடு முடிந்துவிடும். எங்கள் காருக்கு முடியவில்லை.

அடுத்ததாகக் காருக்கடியில் படுத்து, கிளச் இருக்கும் கூட்டின் அடிப்பக்கத்தைத் தடவினார். அங்கே ஒரு சிறு துளை, அதில் தளர்வாகத் தொங்கும் ஒரு பிளவு ஆணி. உள்ளே கசியும் ஒயில் வெளியே சொட்டிப்போவதற்காக வைக்கப்பட்ட துளை அது. ஆணி ஆடிக்கொண்டே இருந்தால் துளை அடைபடாது. எங்கள் காரில் சேறும் ஒயிலும் கட்டியாகி அந்த ஆணி அசையாமல் இறுகிக் கிடந்தது. வெளியேற வழியின்றி ஒயில் முழுவதும் கிளச் தட்டில் ஏறிவிட்டது.

ஒயில் ஏன் கசியவேண்டும்? இந்த எஞ்சினின் பின்முனையில் ரப்பர் அடைப்பு எதுவும் கிடையாது. சுழலும் தண்டில் திருகாணிபோல வரி வெட்டியிருப்பார்கள். தண்டு சுழலும்போது அந்த வரி ஒயிலை உள்ளே திருப்பித் தள்ளும். சுழலாமல் நிற்கும்போது தள்ள ஆளில்லை. காரை மூக்கு மேலே, வால் கீழே என்று சரிவில் நிறுத்தினால் ஒயில் பின்பக்கம் தேங்கிக் கசியும். எங்கள் குவாட்டர்ஸுக்கு ஏறும் பாதை செங்குத்தானது. அப்பா தினமும் ஏறி வந்து அப்படியே மூக்கை மலையை நோக்கி நிறுத்தினார். இங்கிலாந்தில் சமதரையில் நின்ற காருக்கு வராத நோய் மலையகத்தில் வந்ததன் காரணம் இவ்வளவுதான். இதை எந்தக் கைநூலிலும் படிக்காமல் பாஸ் மாமா கண்டுபிடித்தார். ஸ்டோர் எஞ்சின் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண்.

எஞ்சின் இறக்கும் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தண்ணீரை வடித்து, மூடியையும் ரேடியேட்டரையும் கழற்றி, கார்புரேட்டர், டைனமோ, ஸ்டார்ட்டர் வயர்களைப் பிரித்து, ஒவ்வொரு நட்டையும் அது வந்த போல்ட்டிலேயே திருப்பி மாட்டி, தேங்காய்ச் சிரட்டைகளில் வரிசையாக வைத்தார். சிரட்டைகளை இடம் மாற்றாமல் காவல் காப்பது என் உத்தியோகம். கியர்ப்பெட்டி கீழே விழாமல் மரக்கட்டை அண்டை கொடுத்தார். ஸ்டோரிலிருந்து இரவல் வந்த சங்கிலிக் கப்பி பலாக்கிளையில் தொங்கியது. எஞ்சினை முன்னுக்கு இழுத்து, கியர்ப்பெட்டியின் தண்டு கிளச் தட்டை விட்டு முழுவதும் வெளியே வந்த பிறகே மேலே தூக்கினார். இடையில் எஞ்சினின் பாரம் அந்தத் தண்டின்மேல் ஒரு கணம் விழுந்தாலும் தட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும். பிறகு புதுத் தட்டுக்கு எங்கே போவது?

பழைய தட்டுக்கே உயிர் கொடுத்தார். ஆறேகால் அங்குல விட்டமுள்ள இரும்புத் தட்டு, இருபுறமும் ரிவிட் அடித்த அஸ்பெஸ்டஸ் உறை. தேய்ந்த உறையைப் பிரித்தெடுத்து, பழைய லொறிக் கிளச் ஒன்றின் உறையை வட்டமாக வெட்டி, செம்பு ரிவிட்டுகளைத் தலை உள்ளே பதியும்படி அடித்து மாட்டினார். அந்த அஸ்பெஸ்டஸ் தூசியை அவர் வாயால் ஊதினார், பக்கத்தில் நின்ற நானும் ஊதினேன். அது நுரையீரலுக்கு என்ன செய்யும் என்று இன்று உலகமே அறியும். அன்று அந்த முற்றத்தில் எவருக்கும் தெரியாது. எத்தனை எஞ்சின்காரர்கள் இருமி இருமிச் செத்தார்கள், அதில் எத்தனை பேரைத் தோட்ட மருந்தகம் காசம் என்று எழுதியது என்பதைச் சொல்லப் பதிவேடு ஏதும் இல்லை.

திருப்பிப் பூட்டுவதுதான் உண்மையான வேலை. தட்டு நட்டநடுவில் நின்றால்தான் கியர்ப்பெட்டியின் தண்டு அதற்குள் நுழையும். ஒரு மயிரிழை விலகினாலும் நுழையாது. கம்பனிக்காரர்களிடம் அதற்கென்று கருவி உண்டு. பாஸ் மாமா கொய்யாக்கம்பு ஒன்றைச் சீவி, கண்ணாடித்துண்டால் சுரண்டி, தட்டின் துளைக்கும் அதற்குப் பின்னாலுள்ள சிறு துளைக்கும் சரியாகப் பொருந்தும் இரண்டு பருமனில் செய்திருந்தார். அதைச் செருகி, தட்டை நடுவில் நிறுத்தி, அழுத்தும் மூடியின் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, பிறகு கம்பை உருவினார். எஞ்சினை இறக்கிச் சேர்க்கும்போது கடைசி அரை அங்குலம் ஒத்துழைக்கவில்லை. இளவட்டங்கள் இரண்டு பேர் உதைத்துத் தள்ளப் பார்த்தார்கள். அவர் அதட்டினார். காரை கியரில் போட்டுவிட்டு, முன்னாலிருந்து ஸ்டார்ட்டிங் ஹேண்டிலை நான்கு விரல் அளவு திருப்பச் சொன்னார். பல்லும் பல்லும் இணங்கிய இடத்தில் எஞ்சின் தானாகவே போய் அமர்ந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

கூலியாக அவர் பணம் வாங்கவில்லை. 1973இலும் 74இலும் தோட்டங்களில் பட்டினிச் சாவு நிகழ்ந்தது. மாவும் பாணும் தட்டுப்பட்டு, ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அரிசி கொண்டுபோகக்கூடாதென்று பாதையில் தடைபோட்டுக் காரின் பின்பெட்டியைச் சோதித்த காலம் அது. அந்தப் பஞ்சத்தின் வால் 1975இலும் நீண்டிருந்தது. அப்பா கொடுத்த குரக்கன் மாவை வாங்கிக்கொண்டு, போகும்போது இரண்டு புத்திமதி சொன்னார். "கிளச்சுல கால வச்சிக்கிட்டே ஓட்டாதீங்க, கரி தேஞ்சிரும். மூக்க கீழ பாத்து நிறுத்துங்க." கரி என்றது கிளச்சைத் தள்ளும் கரி வளையத்தை. இந்தக் காரில் குண்டுப் பேரிங் கிடையாது.

அதே ஆண்டு அக்டோபரில் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத் துரைமாரில் எஞ்சியிருந்தவர்களும் போனார்கள். காணிச் சீர்திருத்தத்தின் நன்மை தீமைகள் வேறு கட்டுரைக்குரியவை. எஞ்சின் அறையைப் பொறுத்தவரை ஒன்று சொல்லலாம். உதிரிப்பாகத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொழும்புக்கு அனுப்பிக் காத்திருக்கும் வழக்கம் அதன்பின் தடித்தது. எஞ்சின்காரரின் தேவையும் கூடியது. ஆனால் அவர்களை நாடுகடத்தும் வேலை அதைவிட வேகமாக நடந்துகொண்டிருந்தது.

1964 அக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. விடுபட்ட 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. மனிதரை எண்ணித்தான் பங்கிட்டார்கள். ரோலரின் அதிர்வைக் கேட்டே எந்தப் பேரிங் தேய்ந்தது என்று சொல்லக்கூடிய செவி ஒன்று எந்தக் கணக்கில் போகிறது என்று எவரும் பார்க்கவில்லை. பாஸ் மாமாவின் குடும்பம் 1977இன் இறுதியில் புறப்பட்டது. பதுளை நிலையத்தில் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர்பெற்ற அந்த ரயிலில், தலைமன்னாருக்கும் அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரத்துக்கும். அவருடைய தகரப் பெட்டிக்குள் ஸ்பேனர்கள் இருந்ததை நான் கண்டேன். வேடிக்கை என்னவென்றால், அதே நவம்பரில்தான் நிதியமைச்சர் ரொனி டி மெல்லின் வரவுசெலவுத் திட்டம் இறக்குமதிக் கதவைத் திறந்துவிட்டது. கிளச் தட்டு கடைக்கு வந்தது, அதைப் பூட்டத் தெரிந்தவர் கப்பலேறிவிட்டார்.

அவர் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் போய்ச் சேர்ந்தார். தாயகம் திரும்பியோருக்கென்று 1968இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டத்தில் அவருக்குக் கிடைத்தது எஞ்சின் வேலையல்ல, களை வெட்டும் வேலை. பின்னர் ஒரு லொறிப் பட்டறையில் சேர்ந்ததாகக் கடிதம் வந்தது. மலையகத்திலிருந்து போன எஞ்சின்காரர்கள் நீலகிரியின் பட்டறைகளில் நிறையப் பேர் இருந்தார்கள் என்று 1990களில் அங்கே போனபோது பலர் வாயிலாகக் கேட்டேன். அங்கே அவர்களுக்குப் பெயர் 'சிலோன்காரர்'.

அப்பா ஓய்வுபெற்று நாங்கள் பதுளை நகரத்தின் ஓரத்துக்குக் குடிவந்தோம். 1983 ஜூலையில் கார் மறுபடியும் கிளச் கோளாறில் நின்றது. எங்கள் புது வீட்டு முற்றத்தில் பாரம் தாங்கும் மரம் இல்லை. பக்கத்து வீட்டுச் சிங்கள ஆசிரியரின் கொட்டகையில் உறுதியான உத்திரம் இருந்ததால், எஞ்சினை அங்கே தொங்கவிட்டு இறக்கி, காரை மட்டும் எங்கள் முற்றத்துக்குத் தள்ளிவந்து வைத்தோம்.

24ஆம் திகதி இரவு கொழும்பில் மூண்ட வன்செயல் பதுளைக்கு உடனே வரவில்லை. 27ஆம் திகதி காலை வரை நகரம் அமைதியாகவே இருந்தது. அன்று முற்பகல் மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு முன்னால் தமிழர் ஒருவரின் மோட்டார் சைக்கிளுக்குத் தீவைத்தார்கள். நண்பகலில் கடைவீதி எரிந்தது. பிறகு குடியிருப்புகள். கும்பல் அபகரித்த வான்களிலும் பஸ்களிலும் ஏறி ஹாலிஎல, பண்டாரவளை, வெலிமடை என்று பரவியது. இரவாவதற்குள் லுணுகலையும் எரிந்தது. தமிழர்கள் நடத்திய கராஜ்களில் பழுதுபார்க்க நின்ற வாகனங்கள், அவற்றின் சொந்தக்காரர் எந்த இனம் என்று கேட்கப்படாமலே கொளுத்தப்பட்டன.

ஆசிரியர் எங்கள் ஐந்து பேரையும் தம் வீட்டுக்குள் வைத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டின் முன்பாதியும் முற்றத்தில் நின்ற காரும் எரிந்தன. கொட்டகையில் சாக்கு மூடிக் கிடந்த எஞ்சின் தப்பியது. அது இரண்டு ஆண்டுகள் அங்கேயே கிடந்தது. 1985இல் அவர் ஹாலிஎலயில் உடல் நல்ல நிலையிலிருந்த ஒரு மைனரை வாங்கி, அதன் செத்த எஞ்சினை எடுத்துவிட்டு எங்களுடையதைப் பூட்டினார். அப்பா போய்க் கிளச்சை நடுநிறுத்திக் கொடுத்தார், பாஸ் மாமாவின் கொய்யாக்கம்பால்.

அந்த ஜூலைக்குப் பிறகு பதுளைக் கராஜ்களின் தமிழ் முதலாளிகளும் பையன்களும் சென்னைக்கும் லண்டனுக்கும் டொரொன்டோவுக்கும் சிதறினார்கள். ஸ்காபரோவில் தமிழர் நடத்தும் வாகனத் திருத்தகங்களுக்கு இன்று குறைவில்லை. இதை வாசிப்பவர்களில் சிலர் அவற்றில் வேலைசெய்தவர்களாகவும் இருக்கலாம். பதுளையிலோ பசறையிலோ ஸ்பேனர் பிடித்தவர் எவரேனும் இருந்தால் எழுதுங்கள்.

இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைச் செப்பனிடும் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வேர் என்பவர், காரை மாற்றிக்கொண்டே இருப்பதைவிடத் திருத்தித் திருத்தி வைத்திருப்பதே சிக்கனம் என்று 1982இல் ஒரு நூல் எழுதினார். 1990களில் அவர் மைனரின் உதிரிப்பாகங்களைச் செய்விக்கத் தேடிவந்த நாடு இலங்கை. இங்கே செய்த பாகங்கள் கப்பலேறி, அந்தக் கார் பிறந்த நாட்டுக்கே போயின. இறக்குமதித் தடை வளர்த்த கைத்திறமையை வெள்ளைக்காரர் ஒருவர் வந்து அடையாளம் கண்ட பிறகுதான் எங்கள் பத்திரிகைகளும் அதைப் பற்றி எழுதின.

தோட்டங்கள் 1992இல் மீண்டும் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்ட அலுவலகத்தில் பழைய செக்ரோல் புத்தகங்களைப் புரட்டும் வாய்ப்புக் கிடைத்தது. எஞ்சின்காரரின் பெயர் இருந்தது. தொழில் என்ற இடத்தில் 'ஸ்டோர் ஆள்' என்று எழுதியிருந்தது. என் தந்தையின் கையெழுத்துத்தான்.

எங்கள் எஞ்சின் ஆசிரியரின் பேரனிடம் இன்னும் இருக்கிறது. 2022இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், கார் வரிசையில் அங்குலம் அங்குலமாக நகர்ந்து கிளச் நடுங்கத் தொடங்கியிருக்கிறது. என்ன செய்யலாம் என்று கேட்டு, கார் நிற்கும் நிலையைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். அடியிலுள்ள பிளவு ஆணி ஆடுகிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னேன். படத்தில் காரின் மூக்கு மலையைப் பார்த்திருந்தது. திருப்பி நிறுத்தச் சொல்லியும் எழுதினேன்.